அந்த 21 நாட்கள்: மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் பிறவிக் காது கேளாமை குறித்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, கருவில் இருக்கும் சிசுவைத் தாக்கும் வைரஸ்களும் அதற்கு ஒரு காரணம் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை, கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தங்கைக்கு ஒன்பது நாட்களுக்கு முன் ஆண் குழந்தை பிறந்தது. நிறைமாதப் பிரசவம்தான், ஆனால் எடை 2 கிலோ 100 கிராம். தலைச்சுற்றளவு 30.5 சென்டிமீட்டர் என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். உடம்பில் சிவப்புப் புள்ளிகளும் மஞ்சள் காமாலையும் இருந்தன. சிறுநீரை எடுத்து உடனே மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் மருத்துவர். எங்கள் அம்மாவோ, 30 நாள் கழியட்டும், அதுவரை பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் வாசற்படி தாண்ட விடமாட்டேன் என்கிறார். இதில் அப்படி என்ன அவசரம்? – உசிலம்பட்டி அருகிலிருந்து ஒரு வாசகி.

பதில்: இந்தக் கடிதம் மின்னஞ்சலில் வந்த அன்று மாலையே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன், இதழ் அச்சாகிக் கைக்கு வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அன்று இது. மற்ற வாசகர்களுக்காக அதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

உங்கள் மருத்துவர் சந்தேகப்படுவது சைட்டோமெகலோ வைரஸை. சுருக்கமாக சி.எம்.வி. என்போம். சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்கும் வைரஸின் பங்காளி இது. நம் நாட்டில் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது சிறுவயதிலேயே வந்து போயிருக்கும். பெரும்பாலும் சாதாரணச் சளிக்காய்ச்சலாகவோ, எந்த அறிகுறியும் இல்லாமலோ வந்திருக்கும் என்பதால் யாருக்கும் நினைவிருக்காது. வந்த பிறகு உடலைவிட்டு நீங்காமல் ஒடுங்கிக் கிடக்கும். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினாலும், ஒடுங்கிக் கிடந்தது மீண்டும் தலைதூக்கினாலும், அதே வைரஸின் வேறொரு வகை புதிதாக வந்து சேர்ந்தாலும், அது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைய வாய்ப்புண்டு. 100 முதல் 200 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இத்தொற்றோடு பிறக்கிறது. அப்படிப் பிறப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான், உங்கள் தங்கையின் மகனுக்கு இருப்பதுபோன்ற அடையாளங்கள் பிறக்கும்போதே தெரியும்.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். குழந்தை பிறந்த பின்னும் சி.எம்.வி. தொற்றலாம், பிரசவத்தின்போது தொற்றலாம், தாய்ப்பாலில் வரலாம். நிறைமாதக் குழந்தைக்கு அவ்வாறு வருவதால் மூளைக்குக் கேடு இல்லை. அவ்வாறு பின்னால் வந்த வைரஸ் சிறுநீரில் தென்பட மூன்று வாரமாவது ஆகும். ஆகவே பிறந்து 21 நாட்களுக்குள் எடுத்த சிறுநீரில் வைரஸ் இருந்தால், அது வயிற்றுக்குள்ளேயே வந்தது என்று அடித்துச் சொல்லிவிடலாம். 30 நாள் கழித்து எடுத்த சிறுநீரில் அதே வைரஸ் இருந்தால், அது எப்போது வந்தது என்று எந்த ஆய்வகத்தாலும் எளிதில் சொல்ல இயலாது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. படிப்பை முடித்த புதிதில் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இதேபோல ஒரு பெண்குழந்தை இருந்தது. சிறுநீர் பிடிப்பதற்காக ஒட்டும் பையை ஒட்டினேன். அது ஓரத்தில் கசிந்து, துணிதான் நனைந்தது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் விடுமுறை, அதற்கடுத்த நாள் வேறொரு நெருக்கடி என்று தள்ளிப்போய், கடைசியில் 38ஆம் நாள்தான் எடுத்தோம். முடிவில் வைரஸ் இருந்தது. ஆனால் பொருள் இல்லாமல் போன முடிவு அது. பின்னர் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தத் தாய், "வயித்துல இருக்கும்போதே வந்துச்சா டாக்டரம்மா, இல்ல எங்க வீட்டுல வந்துச்சா?" என்று கேட்பார். என்னிடம் பதில் இருந்ததில்லை.

உங்கள் அம்மா வருத்தப்படத் தேவையில்லை. தாயும் பிள்ளையும் வாசற்படி தாண்டாமலேயே இதைச் செய்யலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் வீட்டுக்கு வந்து சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தாலும் போதும், உள்கன்னத்தில் பஞ்சுக்குச்சியால் உமிழ்நீரைத் தடவி எடுத்தாலும் போதும். உமிழ்நீராக இருந்தால் பால் கொடுத்து ஒரு மணிநேரமாவது கழித்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயில் ஒட்டியிருக்கும் தாய்ப்பாலின் வைரஸ் முடிவைக் குழப்பிவிடும். மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்பி, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தாய்ப்பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

மூளையில் என்னதான் நடக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயில் கோபுரத் திருப்பணி நடந்தபோது கோபுரம் முழுக்கச் சாரம் கட்டியிருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சிசுவின் மூளையில் நரம்பணுக்கள் பிறக்குமிடம் ஒன்று, அவை குடியிருக்க வேண்டிய இடம் வேறொன்று. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் சுவரை ஒட்டித்தான் அணுக்கள் பிறக்கின்றன. அங்கிருந்து மேற்பரப்பு வரை சாரக்கம்புபோல நீண்டு நிற்கும் ஒருவகை அணுக்களைப் பற்றிக்கொண்டு அவை வெளிப்புறம் நோக்கி ஏறுகின்றன. முதலில் ஏறியவை கீழடுக்கில் தங்க, பின்னால் வருபவை அவற்றைத் தாண்டி மேலடுக்குக்குப் போகின்றன. கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை இந்த ஏற்றம் மும்முரமாக நடக்கிறது. சி.எம்.வி. தாக்குவது முக்கியமாக அந்தச் சாரக்கம்புகளையும் அவற்றின் அடிவாரத்தையும்தான். அதிலும் ஒரு கொடுமை என்னவென்றால், இந்தச் சாரக்கம்பு அணுக்களிலிருந்துதான் நரம்பணுக்களே பிறக்கின்றன. சாரம் சரிந்தால் ஏற ஆளும் குறைகிறது, ஏற வழியும் அடைபடுகிறது.

எனவேதான் எந்த வாரத்தில் தொற்றியது என்பது அவ்வளவு முக்கியமாகிறது. நான்காம் மாதத்துக்கு முன் தொற்றினால் மூளையின் மேற்பரப்பு மடிப்புகளே இல்லாமல் வழவழப்பாக நின்றுவிடக்கூடும். ஐந்தாம், ஆறாம் மாதங்களில் என்றால் மடிப்புகள் சிறுத்தும் நெருங்கியும் ஒழுங்கற்றும் அமையலாம். கடைசி மூன்று மாதங்களில் என்றால் மூளையின் அமைப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்து, செவித்திறன் மட்டும் பாதிக்கப்படலாம், அல்லது ஒன்றுமே ஆகாமலும் போகலாம். அறைகளின் சுவரோரத்தில் அணுக்கள் அழிந்த இடங்களில் சுண்ணாம்புச் சத்து படிந்துவிடும். உச்சிக்குழி வழியாக எடுக்கும் சாதாரண ஸ்கேனிலேயே அது வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். உங்கள் தங்கையின் மகனுக்கு அந்த ஸ்கேனும், கண் பரிசோதனையும், பெரா எனப்படும் செவித்திறன் பரிசோதனையும் உடனே தேவை.

தொற்று உறுதியாகி, பாதிப்பும் தெளிவாக இருந்தால், முதல் மாதம் முடிவதற்குள் வால்கேன்சைக்ளோவிர் என்ற மருந்தைத் தொடங்கி ஆறு மாதம் கொடுப்பது இன்றைய வழக்கம். வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் தொடக்கத்தில் வாரந்தோறும் இரத்தம் பார்க்க வேண்டியிருக்கும். இம்மருந்து செவித்திறனைக் காப்பதிலும் வளர்ச்சியிலும் ஓரளவு நன்மை தருகிறது. ஏற்கெனவே நேர்ந்த அழிவை அது திருப்பித் தராது. இதைத் தங்கையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் மருந்து தொடங்கும் காலமும் பரிசோதனையின் காலத்தைப் போலவே கைநழுவக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. பத்து வாரக் கர்ப்பம். சிசுவைத் தாக்கும் தொற்றுகளுக்கான டார்ச் டெஸ்ட் என்ற இரத்தப் பரிசோதனை எடுத்ததில் சி.எம்.வி. ஐ.ஜி.ஜி., ருபெல்லா ஐ.ஜி.ஜி. இரண்டும் பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. ஐ.ஜி.எம். இரண்டுமே நெகட்டிவ். குழந்தைக்கு மூளை வளர்ச்சி இருக்காது, கலைத்துவிடு என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொல்கிறார். மூன்று நாட்களாகத் தூக்கமில்லை. – வில்லாபுரம், மதுரை.

பதில்: இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள். ஐ.ஜி.ஜி. என்பது பழைய நினைவு. எப்போதோ வந்துபோன எதிரியை உடல் இன்னும் மறக்கவில்லை என்பதற்கான சான்று. அது பாசிட்டிவாக இருப்பது நோய் இருக்கிறது என்று பொருள்படாது. மேலே சொன்ன கணக்குப்படி, இந்த வட்டாரத்தில் எந்தப் பேருந்தில் ஏறிப் பெண்களின் இரத்தத்தைச் சோதித்தாலும் சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றுதான் பெரும்பாலும் வரும். ருபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவாக இருப்பதோ கொண்டாட வேண்டிய செய்தி. உங்களுக்கு அந்நோய்க்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறது என்று அதற்குப் பொருள். ஆய்வகங்கள் அதைத் தடித்த எழுத்தில் அச்சிடுவதை நிறுத்தினால் எங்கள் வேலை பாதி குறையும்.

புதிய தொற்றின்போது முதலில் தோன்றும் ஐ.ஜி.எம். பாசிட்டிவாக இருந்தால்கூட உடனே முடிவுக்கு வரக் கூடாது; அது பல மாதங்கள் நீடிக்கும், பொய்யாகவும் வரும். அத்தகைய நிலையில் ஐ.ஜி.ஜி. அவிடிட்டி என்ற பரிசோதனை, தொற்று புதிதா பழையதா என்று பிரித்துக்காட்ட உதவும். எந்த அறிகுறியும் இல்லாத எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் டார்ச் டெஸ்ட் எடுப்பதை நான் ஏற்பதில்லை. காரணமின்றிக் கேட்ட கேள்விக்கு வரும் பதில் குழப்பத்தைத்தான் தரும். நீங்கள் ஐந்தாம் மாதத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனைத் தவறாமல் எடுங்கள், அது போதும்.

ருபெல்லாவை எல்லோரும் லேசாக நினைப்பதால் அதைப் பற்றி ஒரு சொல். இரண்டு நாள் காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் தந்துவிட்டுப் போய்விடும் இந்த நோய், முதல் 12 வாரங்களுக்குள் கர்ப்பிணிக்கு வந்தால் பத்தில் ஒன்பது சிசுக்கள் வரை பாதிக்கப்படலாம். கண்புரை, இதயக் கோளாறு, காது கேளாமை, சிறுத்த தலை என்று ஒன்றோடொன்று சேர்ந்து வரும். 20 வாரத்துக்குப் பின் அந்த ஆபத்து அரிதாகிவிடுகிறது. இந்தத் தொடர்பை முதலில் கண்டவர் மகப்பேறு மருத்துவர் அல்லர், கண் மருத்துவர். ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக், 1941இல், தம்மிடம் புரையோடு வந்த கைக்குழந்தைகளின் தாய்மார்கள் பேசிக்கொண்டதைக் கவனித்து அறிந்தார். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளும், பிறவிக் கண்புரைக்கு ருபெல்லா ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியுள்ளன. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிய முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அப்போது போடப்பட்டது. ஆண்மைக்குறைவு வரும், மலட்டுத்தன்மை வரும் என்று அந்த நாட்களில் செல்பேசியில் பரவிய வதந்திகளை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட பெற்றோரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளும், அப்போதே 15 வயதைத் தாண்டியிருந்த பெண்களும், திருமணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டு ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். கர்ப்பத்தில் போடக் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் கொழுந்தன் மகனுக்கு அம்மை போட்டிருக்கிறது. நான் 14 வாரக் கர்ப்பிணி. ஒரே வீடு, ஒரே கூடம். ஆத்தா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் தெய்வக்குற்றம் என்று மாமியார் சொல்கிறார்கள். வேப்பிலை கட்டியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. – மேலூர்.

பதில்: நீர்க்கோத்த முத்துகளாக, ஒரே நேரத்தில் புதியவையும் காய்ந்தவையுமாக இருந்தால் அது சின்னம்மை. முதலில் ஒரு கேள்வியை உங்கள் அம்மாவிடம் தொலைபேசியில் கேளுங்கள்: சிறுவயதில் உங்களுக்கு அம்மை போட்டிருந்ததா? போட்டிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. நினைவில்லை என்றால் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்தால், நோயாளியோடு பழகிய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் அடங்கிய தடுப்பு ஊசி போடலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்களுக்கே முத்து போட்டுவிட்டால் முதல் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து மாத்திரை தொடங்க வேண்டும். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல் பாதிப்பு கடுமையாகக்கூடும் என்பதால், சிசுவைவிட முதலில் உங்களுக்காகத்தான் நான் பயப்படுவேன்.

சிசுவைப் பொறுத்தவரை, 20 வாரத்துக்கு முன் தாய்க்கு அம்மை வந்தாலும் 100 பேரில் ஏறத்தாழ இருவருக்கு மேல் பாதிப்பு வருவதில்லை. வந்தால் தோல் தழும்பு, சூம்பிய கை கால், கண் கோளாறு, மூளைச் சுருக்கம் ஆகியவை நேரலாம், ஸ்கேனில் கண்காணிக்கலாம். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்வரை தாய்க்கு அம்மை வந்தால் அது வேறு ஆபத்து. பிறந்த குழந்தைக்கே கடுமையான அம்மை வரும் என்பதால் அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். வேப்பிலை கட்டுவதும், வெளியாளை வீட்டுக்குள் விடாததும், தனிப்பாய் போடுவதும் நோயைத் தெருவுக்குப் பரவாமல் தடுக்கத் தெரிந்தவர்கள் வகுத்த முறைகள்தான். அந்த முறையையே உங்களுக்கும் பொருத்திக் காட்டுங்கள்: பையனின் எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை நீங்கள் தாய்வீட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். தாய்வீட்டிலும் கைக்குழந்தையோ வேறு கர்ப்பிணியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நோய் உங்களுக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால் வெளியே தெரிய மூன்று வாரம் வரை ஆகலாம். கூழ் ஊற்றிய பிறகு எல்லோருமாக வண்டியூர் தெப்பக்குளம் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: என் மனைவி என் அக்கா மகள். முதல் பெண்குழந்தைக்குத் தலை சிறியது, இரண்டு வயதாகியும் உட்காரவில்லை, வலிப்பும் வருகிறது. மூளையில் சுண்ணாம்பு படிந்திருப்பதாக ஸ்கேனில் வந்தது. வைரஸ் என்று சொன்னார்கள். வேறு பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. கிரகணத்தன்று காய் நறுக்கியதால்தான் என்று அக்காவே தன் மகளைத் திட்டுகிறார். அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா? – சின்னமனூர்.

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். கிரகணத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம்: நிலவின் நிழலுக்கும் அரிவாள்மனைக்கும் சிசுவின் மூளைக்கும் தொடர்பே இல்லை. உங்கள் மனைவி செய்த எதனாலும் இது நேரவில்லை. அக்காவிடம் இதை நீங்களே, தம்பியாகவும் மருமகனாகவும், உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். மருத்துவர் சொல்வதைவிட அது எடுபடும்.

இனி முக்கியமான விஷயம். சுண்ணாம்பு படிந்திருப்பதாலேயே அது வைரஸ் என்று ஆகிவிடாது. கருவில் வந்த வைரஸ் போலவே அச்சாக வேடமிடும் மரபணு நோய்கள் சில உண்டு. அய்கார்டி–கூட்டியர் கூட்டறிகுறி அவற்றில் ஒன்று. அதிலும் தலை சிறுக்கும், வலிப்பு வரும், சுண்ணாம்பு படியும். தாய் தந்தை இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்து, இரண்டும் குழந்தையிடம் வந்து சேரும்போது இந்நோய் தோன்றுகிறது. தாய்மாமனும் அக்கா மகளும் தங்கள் மரபணுக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள் என்பதால், உங்களைப் போன்ற தம்பதிகளிடம் அதற்கான வாய்ப்பு கூடுதல். சொந்தத்தில் மணம் முடித்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வாறு மணந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன. உங்கள் கேள்விக்கான பதில் இரண்டாகப் பிரிவதால்தான் சொல்கிறேன். வந்தது வைரஸ் என்றால், அடுத்த குழந்தைக்கு அதே கதி நேர்வது மிக மிக அரிது. மரபணு நோய் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று என்ற வாய்ப்பு அப்படியே இருக்கும். இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதை ஊகத்தில் விடக் கூடாது.

பிறந்த 21 நாட்களுக்குள் சிறுநீரைச் சோதித்திருந்தால் பாதிக் கேள்வி அன்றே தீர்ந்திருக்கும். இப்போதும் வழி இருக்கிறது. செவித்திறனும் விழித்திரையும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். செவி முற்றிலும் நன்றாக இருந்து மூளை மட்டும் இவ்வளவு பாதிக்கப்பட்டிருந்தால் மரபணுப் பக்கம் சந்தேகம் சற்றுக் கூடும். சுண்ணாம்பு எந்த இடத்தில், எந்த வடிவில் படிந்திருக்கிறது என்று எம்.ஆர்.ஐ.யோடும் சி.டி.யோடும் ஒப்பிட்டுக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஆராய வேண்டும். அதன்பின் குழந்தையின் இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. செலவு உண்டு, முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அடுத்த குழந்தைக்கான முயற்சியைத் தள்ளிவையுங்கள். பழுது எந்த மரபணுவில் என்று தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே சிசுவுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க முடியும்.

இப்போதைய குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சியைத் தொடங்கிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. மாவட்ட அளவில் அரசு நடத்தும் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இதற்காகவே உள்ளன. காரணம் எதுவாயினும் பயிற்சி ஒன்றுதான், காரணம் தெரியட்டும் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: அங்கன்வாடிப் பணியாளர் நான். கர்ப்பமாக இருக்கிறேன். சிறுபிள்ளைகளிடமிருந்துதான் சி.எம்.வி. பரவும் என்கிறார்களே, வேலையை விட்டுவிடட்டுமா? – பரவை.

பதில்: வேண்டாம். பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் அது இருக்கும் என்பது உண்மைதான். மூக்கைத் துடைத்துவிட்ட பிறகும், சிறுநீர்த் துணி மாற்றிய பிறகும், கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள். இதைவிட முக்கியமானது வீட்டில் நடக்கும் ஒரு பழக்கம். பிள்ளை பாதி தின்று வைத்த இட்லியை வீணாக்கக் கூடாதென்று தாயே வாயில் போட்டுக்கொள்வதும், ஊட்டிய கரண்டியை அப்படியே தன் வாயில் வைத்துச் சூடு பார்ப்பதும் நம் பெண்களின் கைவந்த வழக்கம். கர்ப்பம் முடியும்வரை அந்த இட்லி கோழிக்குப் போகட்டும். முத்தம் நெற்றியில் கொடுங்கள், வாயில் வேண்டாம்.

கேள்வி: என் பேத்திக்குப் பிறந்தபோதே சி.எம்.வி. இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் எந்தக் குறையும் இல்லை, காது பரிசோதனையிலும் தேறினாள். அதன்பின் நாங்கள் எங்கும் காட்டவில்லை. இப்போது மூன்று வயது. இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிடிவாதம் என்கிறார் மகன். – வாடிப்பட்டி.

பதில்: பிடிவாதம் இல்லை ஐயா. அறிகுறியே இல்லாமல் பிறந்த சி.எம்.வி. குழந்தைகளிலும் 100க்கு 10 முதல் 15 பேருக்குப் பின்னாளில் செவித்திறன் குறைகிறது. ஒரு காதில் தொடங்கி மறுகாதுக்கும் போகலாம். பிறந்தபோது தேறியது அன்றைய நிலையை மட்டுமே காட்டும். அதனால்தான் இக்குழந்தைகளுக்கு முதல் சில ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு வயது வரை ஆண்டுக்கு ஒருமுறையும் செவியைச் சோதிக்கச் சொல்கிறோம். இந்த வாரமே பெரா பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு காது நன்றாக இருந்தால் பேச்சு வந்துவிடும் என்பதால் பெற்றோர் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள், நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். காது கேட்கும் கருவியே போதுமானதாக இருக்கலாம். இரு காதுகளும் மிகவும் குறைந்துவிட்டால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பேத்தியிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றும் என்று யாராவது பள்ளியில் சேர்க்க மறுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வகுப்பிலேயே இன்னும் பல பிள்ளைகள் அதே வைரஸோடு யாருக்கும் தெரியாமல் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: என் கணவர் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறார். ஜிகா வைரஸ் அங்கே வந்ததாமே? – கம்பம்.

பதில்: 2021இல் வந்தது. அதற்கு முன்பே, 2017இல், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஒருவருக்குக் கண்டறியப்பட்டது. 2015–16இல் பிரேசிலில் சிறுதலைக் குழந்தைகள் கூட்டமாகப் பிறந்தபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. இதுவும் மேலே சொன்ன சாரத்தைத்தான் தாக்குகிறது. டெங்குவைப் பரப்பும் அதே பகல்கொசுதான் இதையும் பரப்புகிறது. கணவருக்குத் தடிப்போடு காய்ச்சலும் கண்சிவப்பும் வந்தால் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோய் உறுதியானால் மூன்று மாதம் வரை உறவின்போது பாதுகாப்பு தேவை, நீங்கள் கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரையிலும் தேவை.

கேள்வி: நான் தையல்காரன். பேரன் பிறந்து ஒரு மாதம். என் டேப்பை வைத்தே அவன் தலையை மாதாமாதம் அளந்து எழுதலாமா? – திருமங்கலம்.

பதில்: தாராளமாக அளக்கலாம், ஆனால் கடையில் இருக்கும் பழைய டேப் வேண்டாம், துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீண்டுவிடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இழுபடாத புது டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பின்னால் மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தில், காதுக்கு மேலாகச் சுற்றுங்கள். தைக்க அளவெடுக்கும்போது விடும் விரல் இடைவெளியை இதில் விடக் கூடாது; முடி அமுங்கும்படி ஒட்டிப் பிடியுங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நிறைமாதக் குழந்தைக்குப் பிறக்கும்போது 33 முதல் 35 சென்டிமீட்டர் வரை இருக்கும். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டரும், அடுத்த மூன்று மாதம் ஒரு சென்டிமீட்டரும், பிறகு அரை சென்டிமீட்டரும் கூடும். வளர்ச்சி நின்றாலும் காட்டுங்கள், திடீரென்று வேகமெடுத்தாலும் காட்டுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் தேதியை எழுத மறக்காதீர்கள். தேதி இல்லாத அளவை வைத்துக்கொண்டு நாங்கள் எதுவும் சொல்ல முடியாது.